ராஜாங்கத்துக்குப் பிடித்து வைத்த இடம்

மே 8, திங்கள்

அனல். திருவிழாக் கூட்டம் கலைந்தும் தெருவில் புழுதி அடங்கவில்லை. கடையில் வியாபாரம் மந்தம். அவனியாபுரத்து ஆள் ஒருவர் காளைக்குப் பருத்திக்கொட்டை கேட்டு வந்து, வெகு நேரம் காளையின் பெருமை பேசி, கடைசியில் கையளவு எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

கமிட்டிப் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்தான். 29ஆம் தேதி காலை பையனோடு வரவேண்டுமாம். ஹெட்மாஸ்டரும் கமிட்டிக்காரர்களும் பார்ப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிடும்போது உள்ளே போகவேண்டும். ராஜாங்கம்தானே பையன் பேர் என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வேறு என்ன சொல்வது. அந்தப் பள்ளிக்கூடத்தில் தொட்டிலில் கிடக்கும்போதே பேர் கொடுத்து வைத்தால்தான் இடம். மூத்தவன் ராஜாங்கம் பிறந்த மாதமே அப்போதைய கமிட்டித் தலைவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து கொடுத்தேன். பல் முளைக்கட்டும் ஐயா என்று சிரித்தார். ஆனாலும் போட்டுக்கொண்டார். மூத்தவன் இரண்டு வயது முடியுமுன் காய்ச்சலில் போய்விட்டான். தலைவரும் போய்விட்டார். இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சின்னவனுக்கு இப்போது ஐந்து. மூத்தது தக்காததால் இவனைப் பிறந்தவுடன் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, மூக்குக் குத்தி, பக்கத்து வீட்டுச் சின்னத்தாயக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கி, குப்பை என்று பேர் வைத்தார்கள். எமன் அருவருத்து ஒதுங்கிப் போவானாம். எல்லாம் என் மனைவி பேச்சியின் பிறந்த வீட்டு ஏற்பாடு. உசிலம்பட்டிக்காரர்களுக்கு எமனைக்கூட ஏமாற்றத் தெரியும் என்பாள்.

இடம் ஒன்று, பையன் ஒருவன். நடுவில் பேர்தான் இடிக்கிறது. குப்பை என்று போய் நின்றால் புது ஆள், வரிசையில் கடைசி. மீசை முளைத்த பிறகுதான் ஒன்றாம் வகுப்பு. தவிர, அந்தப் பேரோடு போனால் பையன்கள் பிய்த்து எடுத்துவிடுவார்கள். ஆகவே ராஜாங்கம்.

செய்யவேண்டியவை:

பேர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழக்குவது.

வயது ஏழு என்று சொல்லப் பழக்குவது.

தலைக்கு மேலே வலது கையைப் போட்டு இடது காதைத் தொடுவது. தொட்டால்தான் வயதை நம்புவார்கள். இன்று இரண்டு விரற்கடை குறைகிறது.

அரைக்கால் சட்டை.

மூக்கு வளையத்தைக் கழற்றுவது. பேச்சியிடம் இதைக் கடைசியாகச் சொல்வது.

மே 9, செவ்வாய்

பேச்சியிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சண்டை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "அந்தப் பேரவா?" என்றாள். ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டு, "வெளக்கு வைக்கிற நேரத்துல மட்டும் கூப்பிட்டுறாதீக" என்றாள். நான் கடை அடைத்து வருவதே அந்த நேரம்தான் என்றேன்.

இந்த வீட்டில் அந்தப் பேரைச் சொல்லி வெகு காலம். வாய்க்கு வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

கு. என்னைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவைப் பார்த்தான். கூப்பிட்ட ஆள் அந்தப் பக்கமிருந்து வருவான் என்பது போல. டேய், நீதான் என்றேன். சிரித்தான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் கொல்லைக் கதவு.

குழந்தைதானே. பழகிவிடும்.

மே 12, வெள்ளி

மேகம் போட்டது. மழை இல்லை. தையல்காரனிடம் அளவு கொடுத்தாயிற்று. வளருகிற பிள்ளை, இரண்டு சுற்று பெரிதாகத் தைக்கச் சொன்னேன்.

வயது என்ன? ஏழு. சரி. பேர் என்ன? ராஜாங்கம். சரி. நாமாகக் கேட்டால் சரியாகச் சொல்கிறான். கூப்பிட்டால்தான் திரும்புவதில்லை.

இரவுச் சாப்பாட்டில் தட்டின் ஓரத்தில் ஒரு கவளம் சோற்றை ஒதுக்கி வைத்தான். யாருக்கு என்று கேட்டேன்.

"நீங்க கூப்பிடுறீகள்ல, அவனுக்கு."

பேச்சி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் அந்தக் கவளத்தை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். விளையாட்டுக்கு இடம் கொடுத்தால் 29ஆம் தேதி மானம் போகும்.

மே 15, திங்கள்

கடைப் பல்லி ஒன்று தராசுத் தட்டில் விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர் அதற்கு ஒரு பலன் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

மாலையில் காது தொடும் பயிற்சி. வலது கை எட்டவில்லை, அதே இரண்டு விரற்கடை. அலுத்துப்போய் விடு என்றேன். அவன் இடது கையைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டு வலது காதைத் தொட்டான். தொட்டது மட்டுமல்ல, காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டினான். இரண்டு கையும் சேர்த்து அளந்து பார்த்தேன். ஒரே நீளம்தான். மறுபடி வலது கை: எட்டவில்லை. இடது கை: எட்டியது.

பிறகு சிலேட்டில் அ எழுதினான். இடது கையால். இத்தனை நாளும் இவன் வலதுகைக்காரன்.

மூத்தவன்தான் இடது கை. சோறு, பொம்மை, எல்லாம் இடது. பேச்சி அந்தக் கையில் பட்பட்டென்று அடிப்பாள். சில நாள் துணி சுற்றிக் கட்டி வைப்பாள். அவன் துணியோடு கையை நீட்டுவான். இதையெல்லாம் இவனுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? நான் சொல்லவில்லை. பேச்சி சொல்லமாட்டாள்.

சிலேட்டைத் துடைத்து வைத்துவிட்டேன்.

மே 18, வியாழன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதிப் பார்த்தால் அசட்டுத்தனம் தெரிந்துவிடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பேச்சி சின்னத்தாயக்கா வீட்டில். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, பழக்கத்தில், ராஜாங்கம் என்று கூப்பிட்டேன்.

கொல்லையிலிருந்து "வாரேன்" என்று பதில் வந்தது.

அப்பாடா, ஒருவழியாகப் பழகிவிட்டான் என்று சந்தோஷமாகத்தான் உள்ளே போனேன். கு. முன்கட்டில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரம் எச்சில் வழிய, நல்ல தூக்கம்.

கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். கிணறு. துவைகல். கொடியில் பேச்சியின் சேலை. கிணற்று உருளை மட்டும் மெல்லச் சுற்றி நின்றது. காற்று இல்லை.

அடுத்த வீட்டுப் பிள்ளை யாராவது இருக்கும். அடுத்த வீட்டில் பிள்ளைகள் கிடையாது. அதற்கு அடுத்த வீடாக இருக்கும்.

மே 21, ஞாயிறு

கடைக்கு லீவு. கு.வைக் கடைக்கு அழைத்துப்போய் மூடைகளைக் காட்டினேன், வேடிக்கைக்கு. பருத்திக்கொட்டையை அள்ளி, "தொட்டை" என்றான்.

மூத்தவன் அப்படித்தான் சொல்வான். என் தோளில் உட்கார்ந்து, அந்த மூடையைக் காட்டி, தொட்டை, தொட்டை. கு. எல்லாச் சொல்லையும் திருத்தமாகப் பேசுகிற பையன். நேற்று வரை கொட்டை என்றுதான் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி குப்பை என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. கிட்டே போய்க் கூப்பிட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடுகிறது.

சின்னத்தாயக்கா வந்து பார்த்தார். செக்கடியில் வேலை செய்கிறவர், எண்ணெய் வாசனையோடு வந்து உட்கார்ந்தார். சங்கதி முழுவதும் பேச்சி சொல்லியிருக்கிறாள் போல. "தம்பி, நான் தவிட்டுக்குக் குடுத்தது குப்பைய. நீங்க யார வீட்டுல வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

மே 24, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் வந்தார். வெயில் சூடு என்றார். சிவப்பு மிக்சர், மூன்று வேளை. கஞ்சி. டாக்டர் பேர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பேச்சி "குப்பை, குப்பை" என்று இரண்டு தரம் சொன்னாள், சத்தமாக, வீட்டுக்கே கேட்கிற மாதிரி.

டாக்டர் போன பிறகு என்னிடம் சொன்னாள். கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் இவ்வளவு நேராக அவள் பேசியதில்லை. "இவன ஒரு பேருக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். நீங்க தெறந்து விட்டுட்டீக. வெளக்கு வைக்கிற நேரமாப் பாத்து நெதம் கூப்பிட்டா வராம என்ன செய்வான்? அவனும் எம்புள்ளதான். கூப்பிட்டா வருவான்."

ஐந்து நாள்தான் இருக்கிறது, சேர்ந்துவிட்டால் நிறுத்திவிடலாம் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னேரம் கு.வின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாயின் ஒரு ஓரத்தில் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தான். நடுவில் வா என்று இழுத்தேன். வரமாட்டேன் என்றான். அப்புறம் கேட்டான்:

"யப்பா, அவன் வந்துட்டா நான் எங்க போக?"

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். பயமாக இருக்கிறது.

மே 28, ஞாயிறு

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. உடம்பு பாதியாகிவிட்டது. சட்டை வந்தது. போட்டுப் பார்த்தோம். சட்டைக்குள் பையனைத் தேடவேண்டியிருக்கிறது.

நான்கு நாளாகப் பேரை நான் கூப்பிடவில்லை. ஆனால் நாளை காலை இருக்கிறது. ஏழு வருஷம் காத்த இடம். நாளை ஒரே ஒரு தரம் கூப்பிடுவார்கள், உள்ளே போய் வந்துவிட்டால் முடிந்தது, பிறகு வீட்டில் குப்பை என்றே இருக்கட்டும் என்று பேச்சியிடம் கெஞ்சினேன். இந்தப் பையன் என்னைப் போலப் புண்ணாக்குத் தூசியில் உட்கார்ந்து இருமக்கூடாது. அது மட்டும்தான் ஆசை. அவளும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூக்கு வளையத்தைக் கழற்றினோம். அவளேதான் கழற்றினாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மே 29, திங்கள்

ஜட்கா வண்டி பிடித்துப் போனோம், கு.வால் நடக்க முடியாது. பள்ளிக்கூட வராண்டாவில் எட்டுப் பத்துப் பேர், எல்லாம் தலை வாரிப் பொட்டு வைத்த பையன்கள். ஒருவன் அப்பாவிடம் அடி வாங்கிக்கொண்டே வாய்ப்பாடு சொன்னான்.

எங்கள் முறை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பியூன் கூப்பிட்டான்: ராஜாங்கம்.

கு. என் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கதவைப் பார்க்கவில்லை. எனக்கும் கதவுக்கும் நடுவில், தன் உயரத்துக்கு, எதையோ பார்த்தான். அவன் கண் மெல்ல நகர்ந்து கதவு வரை போயிற்று.

"யப்பா, நாம போவோம். அவனத்தான கூப்பிடுறாக" என்றான்.

பியூன் கதவை இன்னும் பிடித்திருந்தான், குழந்தை நுழைவதற்கு வழி விடுகிற மாதிரி கொஞ்சம் ஒதுங்கி. பிறகு என்னைப் பார்த்து, "பையந்தான் உள்ள போய்ட்டான்ல, நீங்க ஏன்ணே நிக்கிறீங்க?" என்றான்.

உள்ளேயிருந்து ஹெ.மா.வின் குரல் கேட்டது. வயது என்ன என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "காதைத் தொடு பார்ப்போம்" என்றார். பிறகு, "சபாஷ், நல்லா எட்டுதே" என்றார். யாரோ சிரித்தார்கள்.

எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கு.வைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். ஜட்காவைக்கூடக் கூப்பிடவில்லை. வைகைப் பாலம் வரை நடந்தேன், ஏன் அந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது. மணலில் வெயில் கொதித்தது. தோளில் கிடந்தவன், "யப்பா, பசிக்குது" என்றான். குப்பை என்றேன். "ம்?" என்று தலையைத் தூக்கிப் பார்த்தான்.

நடுப்பாலம் என்றும் பாராமல் அழுதேன்.

மே 31, புதன்

காய்ச்சல் இல்லை. இரண்டு தோசை தின்றான். வலது கையால்.

நேற்று சின்னத்தாயக்கா வீட்டில் அவனை மறுபடி கொண்டுபோய் விட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தோம். தவிட்டை நானே முறத்தில் அள்ளினேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. வளையம் மூக்குக்குப் போயாயிற்று.

பியூன் கடைக்கு வந்து, இடம் உறுதி, பையன் கெட்டிக்காரன் என்று ஹெ.மா. சொன்னார் என்றான். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவன் போய்விட்டான்.

பேச்சியிடம் சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "வரச்சொல்லிக் கூப்பிட்டோம். இருக்க ஒரு எடம் வேணும்ல. அங்கன இருக்கட்டும். வீட்டுல யாரும் அந்தப் பேரச் சொல்ல வேணாம்" என்றாள்.

ஜூன் 12, திங்கள்

தெற்கத்திக் காற்று. இரண்டு தூறல். குப்பையை முனிசிபல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ஓலைக் கொட்டகை. வாத்தியார் பேர் கேட்டார். குப்பை என்றேன். இந்த வகுப்பில் இது மூணாவது குப்பை என்றார். பையன் யாரையும் பிய்க்க விடமாட்டான் போலிருக்கிறது. முதல் நாளே ஒருவனைக் கடித்துவிட்டான்.

இன்றுதான் கமிட்டிப் பள்ளிக்கூடமும் திறப்பு. அதை நினைக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூன் 16, வெள்ளி

திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி வரை பாக்கி வசூல். திரும்புகையில் கால் தானாகக் கமிட்டிப் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் போயிற்று. ஒன்றாம் வகுப்பு ஜன்னல் தெருப்பக்கம்தான். வாத்தியார் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் ஆஜர், ஆஜர் என்று கத்தினார்கள். ரா வரிசை வருமுன் குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

இப்படியே விடக்கூடாது. பள்ளிச் சம்பளம் கட்டாத பேரை அவர்களே அடித்துவிடுவார்கள் என்று இருந்தேன். மாசக் கடைசி வரை பொறுக்க மனம் கேட்கவில்லை. போய்ச் சொல்லிவிடவேண்டும். பேச்சிக்குத் தெரியவேண்டாம்.

ஜூன் 20, செவ்வாய்

போனேன். மத்தியானம், கடைசி மணி அடிக்குமுன். ஒன்றாம் வகுப்பு வாத்தியார் வயதானவர், சோடாப்புட்டிக் கண்ணாடி, நல்ல மனுஷன். ராஜாங்கத்தின் அப்பா என்றதும் எழுந்து நாற்காலி போட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்: குடும்ப சூழ்நிலை, பையனை வேறு இடத்தில் சேர்க்கிறோம், பேரை அடித்துவிடுங்கள்.

அவர் ஆச்சரியப்பட்டார். "அடிக்கிறதா? எதுக்குங்க? ஒரு நா தவறாம வாரான். கூப்பிட்ட ஒடனே ஆஜர்ங்கிறான். சத்தம் கிடையாது, சேட்டை கிடையாது. அந்தா, அங்கதான் உக்காருவான்."

ஜன்னலோரத்துப் பெஞ்சு. மூன்று பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் இந்த ஓரம், ஒருவன் அந்த ஓரம். நடுவில் ஒரு பையன் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் வாத்தியார் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்ப அடிச்சுரவா?" என்று வாத்தியார் பேனாவை எடுத்தார்.

இருக்கட்டும் சார் என்றேன். என் குரல்தான். இருக்கட்டும், வரட்டும் என்றேன். சம்பளத்தைக் கட்டினேன்.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஒரே ஒரு குறைதான், தப்பா நினைக்கக் கூடாது என்றார். "எழுதுறதெல்லாம் எடது கையில. வீட்டுல நீங்கதான் கண்டிக்கணும். நானும் பெரம்ப வச்சு ரெண்டு தட்டுத் தட்டிப் பாக்குறேன்."

கடைக்குப் போகவில்லை. நேரே வீடு. பேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒளிக்காமல். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். வாத்தியார் சொன்ன கடைசிச் சங்கதி வந்ததும் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"கையில அடிக்க வேணாம்னு சொல்லிட்டு வந்தீகளா?" என்றாள்.

சொல்லவில்லை. தோன்றவில்லை.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் அடிச்சதே போதும்."

பள்ளிக்கூடம் இன்று அரை நாள், இதற்குள் பூட்டியிருப்பார்கள். நாளை கடை திறக்குமுன் முதல் வேலை அதுதான்.